வெனீர் ஒட்டிச் சதுரங்கப் பலகை: வளையாமல், வாய் பிளக்காமல் செய்யும் முறை

சதுரங்கப் பலகை செய்ய உட்காரும் புதியவர்கள் 64 கட்டங்களையும் எப்படி நேராக வெட்டுவது என்றுதான் முதலில் கவலைப்படுகிறார்கள். அது கைப்பழக்கம், வந்துவிடும். பலகையைக் கெடுப்பது வேறொன்று. முடித்த அன்று தட்டையாகவும் கச்சிதமாகவும் இருந்த பலகை, ஈரமான பருவம் ஒன்றும் வறண்ட பருவம் ஒன்றும் கடந்ததும் நடுவில் குழிந்திருக்கும், இல்லையென்றால் சட்டத்தின் மூலை வாய் பிளந்திருக்கும். வெட்டியதில் தப்பிருக்காது. மரம் உப்பும், சுருங்கும் என்பதைக் கணக்கில் எடுக்காமல் செய்ததுதான் காரணம்.

அதனால் கருவிகளை எடுப்பதற்கு முன் மரத்தின் இந்தக் குணத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அது புரிந்துவிட்டால் பின்னால் வரும் படிகளில் பாதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

மரம் எவ்வளவு அசையும்

காற்றில் ஈரம் கூடினால் மரம் உறிஞ்சும், காற்று காய்ந்தால் திருப்பிக் கொடுக்கும். எத்தனை வருடம் காய்ந்த மரமானாலும் இந்தக் குணம் போகாது. அறையின் ஈரப்பதம் 30 சதவீதமாக நிலைத்திருந்தால் மரத்துக்குள் ஏறக்குறைய 6 சதவீத ஈரம் இருக்கும். அறை 50 சதவீதம் என்றால் மரம் 9 சதவீதம். அறை 80 சதவீதம் போனால் மரம் 16 சதவீதம்.

உள்ளே ஈரம் மாறும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அசைவதில்லை. நார் ஓடும் திசையில், அதாவது நீளவாக்கில், மாற்றம் ஏறக்குறைய இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். நாருக்குக் குறுக்கேதான் எல்லாக் கூத்தும். அதிலும் வளர்ச்சி வளையங்களின் போக்கில் ஏற்படும் அசைவு, மையத்திலிருந்து வெளிப்புறமாகச் செல்லும் திசையில் ஏற்படுவதைவிடப் பல மரங்களில் இரண்டு மடங்கு வரை அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 மி.மீ. அகலத்தில் மேப்பிள் மரப்பலகை ஒன்று, முகத்தில் வளையங்கள் அகலமாக மலை மலையாகத் தெரியும்படி அறுத்தது. அறை ஈரப்பதம் 45-லிருந்து 65 சதவீதத்துக்குப் போகிறது, மரத்தின் ஈரம் 8-லிருந்து 12 ஆகிறது. இது பெரிய மாற்றமே இல்லை, பல வீடுகளில் சாதாரணமாக நடப்பதுதான். இதற்கே அந்தப் பலகை அகலத்தில் ஐந்தரை மி.மீ. உப்பும். அதே பலகை நீளவாக்கில் பத்தில் ஒரு மி.மீ. கூட மாறாது.

இப்போது இந்தப் பலகையைச் சுற்றி நான்கு பக்கமும் சட்டம் அடித்து, பசையும் போட்டு இறுக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உள்ளே இருப்பது ஐந்தரை மி.மீ. வளரப் பார்க்கிறது, வெளியே இருக்கும் சட்டமோ நீளவாக்கில் அசையவே அசையாது. ஏதோ ஒன்று உடைந்தாக வேண்டும். பெரும்பாலும் சட்டத்தின் மூலைதான் உடையும். வறண்ட காலத்தில் பலகை சுருங்கினால் கட்டங்களுக்கு நடுவில் வெடிப்பு ஓடும்.

வெனீர், அதாவது ஏடு போல மெல்லியதாகச் சீவிய மரம், இங்கேதான் கைகொடுக்கிறது. கடையில் கிடைக்கும் வெனீர் பெரும்பாலும் 0.5 அல்லது 0.6 மி.மீ. கனம்தான். அதுவும் உப்பப் பார்க்கும், சுருங்கப் பார்க்கும். ஆனால் அவ்வளவு மெல்லிய ஏட்டுக்கு அடிப்பலகையை இழுத்துச் செல்லும் பலம் கிடையாது. எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அல்லது நல்ல பிளைவுட் மீது முழுப்பரப்பும் ஒட்டிவிட்டால் அடிப்பலகை சொன்னபடிதான் கேட்கும். எம்.டி.எஃப். இந்த அளவில், வீட்டுக்குள் நடக்கும் ஈர மாற்றத்துக்குப் பெரும்பாலும் ஒரு மி.மீ.க்குள்ளேயே அசையும். அதனால் சட்டத்தைப் பயமில்லாமல் பசை போட்டு ஒட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. மெல்லியது என்பதால்தான் இந்தச் சலுகை. "கனமாக இருந்தால் நீடித்து உழைக்குமே" என்று நினைத்து 3 மி.மீ. அளவில் அறுத்த மரத்தகடுகளை எம்.டி.எஃப். மீது ஒட்டினால் அது வெனீர் போல நடந்துகொள்ளாது, மரம் போலத்தான் நடந்துகொள்ளும். ஒன்றரை மி.மீ. வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

அளவும் மரமும்

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி போட்டிப் பலகையின் கட்டம் 5 முதல் 6 செ.மீ. வரை இருக்கலாம். ராஜாவின் உயரம் 9.5 செ.மீ. அளவில் இருக்கும் காய்களுக்கு இது பொருந்தும். உங்களிடம் ஏற்கெனவே காய்கள் இருந்தால் அதைவிடச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. நான்கு சிப்பாய்களை இரண்டுக்கு இரண்டாக நெருக்கி வையுங்கள். அந்த நான்கும் ஒரு கட்டத்துக்குள் அடங்க வேண்டும். இங்கே 50 மி.மீ. கட்டம், 400 மி.மீ. ஆடுபரப்பு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அடிப்பலகைக்கு 12 மி.மீ. எம்.டி.எஃப். போதும். அரை மீட்டர் சதுரத்தில் 12 மி.மீ. கனம் ஏறக்குறைய இரண்டேகால் கிலோ வரும், 18 மி.மீ. என்றால் மூன்று கிலோவைத் தாண்டிவிடும். பிளைவுட் எடுத்தால் இரண்டு விஷயம் பாருங்கள்: ஏற்கெனவே வளைந்ததை வாங்காதீர்கள், வெனீரின் நார் பிளைவுட்டின் மேலடுக்கு நாருக்குக் குறுக்கே போகும்படி ஒட்டுங்கள். எம்.டி.எஃப்.-க்கு நாரே கிடையாது என்பதால் அந்தத் தலைவலி இல்லை. தண்ணீர் பட்டால் அதன் விளிம்பு ஊதிவிடும் என்பது ஒன்றுதான் குறை. சட்டம் விளிம்பை மூடிவிடும்.

மர நிறத்தில் ஒரு யோசனை. வால்நட் வெளிச்சம் படப்பட வெளிறும். மேப்பிள் மஞ்சளாகும். அதாவது இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகரும். கடையில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதே வேறுபாடு சுமாராகத்தான் இருக்கிறது என்றால் சில வருடம் கழித்து அது இன்னும் மங்கும். அதனால் தேவைக்கு மேல் ஒரு பிடி கூடுதலான வேறுபாட்டுடன் தொடங்குங்கள். சாயம் ஏற்றிய கறுப்பு வெனீர் வாங்கினால் ஒரு மூலையை ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் துணியில் ஏறினால் அது வெள்ளைக் கட்டத்திலும் ஏறும்.

பின்பக்கத்துக்கும் வெனீர் வாங்க மறக்காதீர்கள். அழகான மரம் தேவையில்லை, அதே கனத்தில் மலிவான ஏதாவது போதும். ஏன் என்று கீழே வரும்.

எல்லாவற்றையும் வாங்கி வந்ததும் வேலை செய்யப்போகும் அறையிலேயே ஒரு வாரமாவது கிடக்க விடுங்கள். வெனீர், எம்.டி.எஃப்., சட்டத்துக்கான மரம் எல்லாமே அந்த அறையின் ஈரத்துக்குப் பழக வேண்டும். பலகை நிரந்தரமாக இருக்கப்போகும் இடமும் உங்கள் பட்டறையும் ஈரத்தில் ரொம்ப வித்தியாசப்பட்டால், இருக்கப்போகும் இடத்திலேயே வைத்துவிட்டு வேலைக்கு மட்டும் எடுத்து வருவது நல்லது. வெனீர் அலை அலையாக இருந்தால் லேசாக ஈரம் தெளித்து, இருபுறமும் வெற்றுத்தாள் வைத்து, தட்டையான இரண்டு பலகைகளுக்கு நடுவில் எடை ஏற்றுங்கள். தாளை அடிக்கடி மாற்றுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே வெட்டுங்கள், ஈரத்தோடு வெட்டினால் கட்டம் பிறகு சுருங்கி அளவு போய்விடும்.

பட்டைகளை வெட்டுதல்

64 கட்டங்களையும் தனித்தனியாக வெட்டி அடுக்குவது தேவையில்லாத வேலை. வெளிர்நிறத்தில் 5 பட்டை, கருநிறத்தில் 4 பட்டை வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 50 மி.மீ. அகலம், நாரின் திசையில் 430 மி.மீ. நீளம். இவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்து, பிறகு நாருக்குக் குறுக்கே 50 மி.மீ. அளவில் 8 வரிசைகளாக வெட்டுவோம். ஒவ்வொரு வரிசையிலும் 9 கட்டங்கள் இருக்கும், இரு முனையிலும் வெளிர் கட்டம். ஒற்றைப்படை வரிசைகளில் வலது முனைக் கட்டத்தையும் இரட்டைப்படை வரிசைகளில் இடது முனைக் கட்டத்தையும் எடுத்துவிட்டால் தானாகவே சதுரங்க அமைப்பு வந்துவிடும்.

நான்கும் நான்குமாக எட்டே பட்டை வெட்டி, ஒன்றுவிட்டு ஒரு வரிசையைத் தலைகீழாகத் திருப்பி வைப்பவர்களும் உண்டு. மரம் மிச்சமாகும், சரிதான். ஆனால் வெனீர் மீது வெளிச்சம் விழும் கோணம் மாறினால் நிறமும் மாறித் தெரியும். திருப்பி வைத்த வரிசைகள் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் கறுத்தும், மறுபக்கத்திலிருந்து பார்த்தால் வெளுத்தும் நிற்கும். எட்டு வெளிர் கட்டங்களை வீணாக்குவது இதற்குத் தேவலாம். இதே காரணத்துக்காக, வெட்டுவதற்கு முன் வெனீரின் மேல்முகத்தில் ஒரே திசையில் சாக்கட்டியால் அம்புக்குறிகள் போட்டுவிடுங்கள். கடைசிவரை எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும்.

அளவுகோல் வைத்து 50, 50 என்று குறித்து வெட்டாதீர்கள். ஒரு வெட்டில் 0.2 மி.மீ. பிசகினால் எட்டாவது கட்டத்தில் ஒன்றரை மி.மீ.க்கு மேல் வந்து நிற்கும், வரிசைகளை நகர்த்தி வைக்கும்போது மூலைகள் ஒன்றுக்கொன்று சேராது. அதற்குப் பதிலாக 50 மி.மீ. அகலமும் அரை மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள நேரான அலுமினியப் பட்டை ஒன்று வாங்குங்கள். அடியில் மெல்லிய உப்புத்தாள் ஒட்டிவிட்டால் வழுக்காது. வெனீரின் நேராக்கிய விளிம்பை ஒரு தடுப்புக்கட்டையோடு முட்டவைத்து, அலுமினியப் பட்டையையும் அதே தடுப்போடு முட்டவைத்து, மறுவிளிம்பில் கத்தியை ஓட்டுங்கள். அந்தப் பட்டை 50 இல்லாமல் 49.8 ஆக இருந்தாலும் கவலையில்லை. எல்லாமே 49.8 ஆக இருந்தால் போதும்.

கத்தி புதிதாக இருக்கட்டும். ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் கத்தி நாரின் போக்கில் ஓடிவிடும். முதல் இழுப்பு வெறும் கோடு போடுவதற்கு, கையின் எடை மட்டும் போதும். இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் வெட்டு தானாக இறங்கும். வெட்டிய விளிம்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால், பட்டைகளை நேரான இரண்டு கட்டைகளுக்கு நடுவில் சேர்த்துப் பிடித்து, மயிரிழை வெளியே தெரியும்படி வைத்து, தட்டையான கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு. ஒன்பதையும் சேர்த்தே தேய்ப்பதால் அகலம் மாறினாலும் ஒன்றாகவே மாறும்.

சேர்த்தல், குறுக்கே வெட்டுதல்

பட்டைகளை அம்புக்குறி கீழே பார்க்கும்படி, அதாவது பசை படும் பக்கம் மேலே வரும்படி அடுக்குங்கள். எளிதில் உரியும் பெயின்டர் டேப்பை இணைப்புக்குக் குறுக்கே கொஞ்சம் இழுத்து ஒட்டுங்கள், அந்த இழுவிசை இரண்டு விளிம்புகளையும் நெருக்கிவிடும். பிறகு மொத்தத்தையும் திருப்பி, முகப்பக்கத்தில் இணைப்பின் நீளத்துக்கு வெனீருக்கென்றே வரும் பசைத்தாள் டேப்பை ஈரப்படுத்தி ஒட்டுங்கள். இந்தத் தாள் காயும்போது சுருங்கும், இணைப்பை இன்னும் இறுக்கும். காய்ந்ததும் பின்பக்க டேப்பை மெதுவாக, நாரின் திசையில் உரித்துவிடுங்கள். பசை படும் பக்கத்தில் ஒரு துண்டு டேப் கூட மிச்சம் இருக்கக் கூடாது.

இப்போது குறுக்கு வெட்டு. அதற்கு முன் சேர்ந்த ஒன்பதில் எட்டுப் பட்டைகளின் மொத்த அகலத்தை அளந்து எட்டால் வகுங்கள். 399.2 வந்தால் உங்கள் கட்டம் 49.9. அலுமினியப் பட்டையின் அகலமும் அதுவேதானா என்று பாருங்கள். விளிம்பைத் தேய்த்ததில் பட்டை கொஞ்சம் இளைத்திருந்தால், தடுப்புக்கட்டைக்கும் வெனீருக்கும் நடுவில் அந்த வித்தியாச அளவுக்கு ஒரு தாளையோ அட்டையையோ செருகிச் சரிக்கட்டலாம். இதை விட்டுவிட்டால் கட்டங்கள் சதுரமாக இருக்காது.

முதல் வெட்டுக்கு மூலைமட்டம் வைத்து, பட்டைகளுக்குச் சரியாக 90 டிகிரியில் ஒரு முனையை நேராக்குங்கள். மற்ற எல்லா வெட்டுக்கும் இதுதான் ஆதாரம். நாருக்குக் குறுக்கே வெட்டும்போது கத்தி வெளியேறும் முனையில் வெனீர் சில்லாக உடையும். அதற்கு வழி, அந்தக் கடைசி ஒரு செ.மீ.யை முதலில் எதிர்ப்பக்கமிருந்து உள்நோக்கி வெட்டிவிட்டு, பிறகு வழக்கம்போல இழுத்து வருவது. வெட்டும் கோட்டின் மேல் ஒரு டேப் ஒட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

எட்டு வரிசையும் கிடைத்ததும் ஒன்றுவிட்டு ஒன்றை ஒரு கட்டம் நகர்த்தி அடுக்குங்கள். மறுபடியும் அதே முறை: பின்பக்கம் இழுத்து ஒட்டும் டேப், திருப்பி முகத்தில் பசைத்தாள், பின்பக்க டேப்பை உரித்தல். இரண்டு வரிசைகளைச் சேர்க்கும்போது ஒரு முனையிலிருந்து தொடங்காமல் நடுக்கட்டத்தின் மூலையை முதலில் பொருத்துங்கள். மிச்சப் பிசகு ஏதாவது இருந்தால் இரண்டு பக்கமும் பாதிப்பாதியாகப் பிரியும், கண்ணுக்குத் தெரியாது. பிறகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எட்டு வெளிர் கட்டங்களையும் வெட்டி எடுங்கள்.

ஆடுபரப்பைச் சுற்றி 15 மி.மீ. அகலத்தில் கருநிற வெனீர்க் கரை ஒன்று சேர்த்துக்கொள்வது என் பரிந்துரை. இதை அழகுக்காகச் சொல்லவில்லை. பிற்பாடு பலகையின் விளிம்பை வெட்டிச் சீராக்கும்போது ஓரக் கட்டங்களைத் தொட வேண்டியிருக்காது. கரையில் அரை மி.மீ. கூடக்குறைய இருந்தால் யார் பார்க்கப்போகிறார்கள்?

ஒட்டுதல்: முகத்துக்குச் செய்வதை முதுகுக்கும் செய்யுங்கள்

இந்த வேலையில் ஒரே ஒரு விதியை நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தத் தலைப்பை வையுங்கள். வெள்ளைப் பசையில், அதாவது பி.வி.ஏ. பசையில், தண்ணீர் இருக்கிறது. அது பட்டதும் வெனீர் குறுக்குவாட்டில் உப்பும். உப்பிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு காயும்போது சுருங்கப் பார்க்கும், முடியாது, அதனால் அடிப்பலகையின் அந்த முகத்தை இழுக்கும். தனி ஏட்டுக்குப் பலமில்லை என்றாலும், ஒரு பக்கம் மட்டும் 400 மி.மீ. அகலத்துக்கு ஓயாமல் இழுத்தால் 12 மி.மீ. எம்.டி.எஃப். கூட மெல்லக் குழியும். பின்பக்கத்திலும் அதே கன வெனீரை, அதே நார்த்திசையில், அதே பசையால், அதே நேரத்தில் ஒட்டிவிட்டால் இரண்டு இழுப்பும் சமமாகிப் பலகை நடுவில் அசையாமல் நிற்கும்.

கான்டாக்ட் பசை வேண்டாம். அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை என்பதால் அது ஆசை காட்டும். ஆனால் காய்ந்த பிறகும் அது ரப்பர் போல நெகிழ்வாகவே இருப்பதால் வெனீர் மெதுவாக நகர்ந்து, இணைப்புகளில் கோடு விழும்.

அடிப்பலகையை 440 மி.மீ. சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். அழுத்துவதற்கு மேலும் கீழும் 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை ஒவ்வொன்று, அவற்றின் மேல் குறுக்கே வைக்க மேலே நான்கு, கீழே நான்கு கனமான ரீப்பர் கட்டைகள், எட்டு கிளாம்ப். ரீப்பர்களை இழைப்புளியால் நடுவில் கொஞ்சம் மேடாகவும் முனைகளில் ஒரு மி.மீ. தாழ்வாகவும் இழைத்து, மேடான பக்கம் பலகையைப் பார்க்கும்படி வையுங்கள். கிளாம்பை முனைகளில்தான் போட முடியும் என்பதால் நேரான கட்டையில் அழுத்தம் ஓரத்திலேயே நின்றுவிடும். மேடான கட்டை நடுவை முதலில் அழுத்தி, பசையை வெளிப்பக்கமாகத் தள்ளும்.

பசை போடாமல் ஒருமுறை எல்லாவற்றையும் அடுக்கி, கிளாம்ப் மாட்டி, பிரித்துப் பாருங்கள். பசை போட்டபின் உங்களுக்குப் பத்து நிமிடம்கூட இருக்காது.

பசையைச் சிறிய ரோலரால் அடிப்பலகையில் மட்டும் தடவுங்கள். வெனீரில் தடவினால் அது உடனே சுருண்டுகொண்டு அடங்க மறுக்கும். பரப்பு முழுவதும் ஈரமாகப் பளபளக்க வேண்டும், எங்கும் தேங்கக் கூடாது, எங்கும் உலர்ந்த திட்டு தெரியக் கூடாது. முதுகு வெனீரைக் கீழே வைத்து, பலகையை அதன் மேல் வைத்து, மேற்பக்கம் பசை தடவி, முக வெனீரைப் பசைத்தாள் மேலே தெரியும்படி வையுங்கள். நகராமல் இருக்க ஓரத்தில் இரண்டு டேப். இருபுறமும் பிளாஸ்டிக் தாள், முகப்பக்கத்தில் பிளாஸ்டிக்குக்கு மேல் சில அடுக்குச் செய்தித்தாள். பசைத்தாள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்கள் மேடாக இருக்கும், அந்த மேட்டைச் செய்தித்தாள் உள்வாங்கிக்கொள்ளும். நடு ரீப்பர்களை முதலில் இறுக்கி, பிறகு வெளியே வாருங்கள். அடுத்த நாள்வரை தொடாதீர்கள்.

பிரித்து எடுத்ததும் மேசையில் படுக்க வைக்காதீர்கள். மேல்பக்கம் மட்டும் காய்ந்து, இத்தனை பாடும் வீணாகிவிடும். இருபுறமும் காற்றுப்படும்படி ரீப்பர்கள் மேலோ சுவரோரம் விளிம்பிலோ நிறுத்தி நான்கைந்து நாள் விடுங்கள்.

பசைத்தாளை ஈரத்துணியால் நனைத்து, இரண்டு நிமிடம் விட்டு, மழுங்கிய ஸ்கிராப்பரால் நாரின் திசையில் வழித்தெடுங்கள். நிறைய நனைக்க வேண்டாம். காய்ந்ததும் ஒவ்வொரு கட்டமாக விரல் நகத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டிய இடம் 'டக்' என்று அழுத்தமாகச் சொல்லும், ஒட்டாத இடம் காகிதம் போலச் சலசலக்கும். சலசலக்கும் இடத்தில் மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியை ஒரு தாளின் மேல் வைத்துச் சில நொடிகள் அழுத்துங்கள், பி.வி.ஏ. சூட்டில் இளகும். எடுத்ததும் ஆறும்வரை ஒரு கட்டையால் அழுத்திப் பிடியுங்கள். அங்கே பசையே விழவில்லை என்றால் இது பலிக்காது. அப்போது நாரின் போக்கில் கத்தியால் சின்னதாகக் கீறி, பசையை உள்ளே தள்ளி, பிளாஸ்டிக் தாள் வைத்து எடை ஏற்ற வேண்டியதுதான். நாரோடு போகும் கீறல் பாலிஷுக்குப் பிறகு தெரியாது.

சட்டம்

ஆடுபரப்பிலிருந்து சம தூரத்தில் நான்கு பக்கமும் வெட்டி, பலகையைச் சரியான சதுரமாக்குங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் சதுரமா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

சட்டம் மட்டும் முழு மரம். அதனால் அசைவுப் பிரச்சினை இங்கே திரும்பி வருகிறது, சின்ன அளவில். 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்த மூலையில், சட்டம் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்காது. விளைவாக வெட்டின் கோணமே மாறிவிடும். வறண்ட காலத்தில் மூலையின் உட்பக்கம் திறக்கும், ஈரக் காலத்தில் வெளிப்பக்கம் திறக்கும். சட்டம் எவ்வளவு அகலமோ அவ்வளவு பெரிதாகத் திறக்கும். 80 மி.மீ. அகலச் சட்டம் கம்பீரமாகத்தான் இருக்கும், ஆனால் 30 முதல் 40 மி.மீ.க்குள் நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக ஓடும்படி அறுத்த மரம் கிடைத்தால் அகலத்தில் அசைவு இன்னும் குறையும்.

எம்.டி.எஃப். விளிம்பு பசையைக் குடித்துவிடும். முதலில் ஒரு பூச்சு மெல்லியதாகத் தடவி, ஊறவிட்டு, அதன் மேல் மறுபடி தடவி ஒட்டுங்கள். மூலைகளில் காடி, அதாவது ஒடுக்கமான பள்ளம், எடுத்து மெல்லிய மரத்தக்கை செருகினால் பலம் கூடும்.

சட்டத்தையும் வெனீரையும் ஒரே மட்டமாக்க முயலாதீர்கள். இழைக்கும்போதோ தேய்க்கும்போதோ ஓரத்து வெனீர் கிழிந்து எம்.டி.எஃப். பல்லிளிக்கும். சட்டத்தை வேண்டுமென்றே ஒரு மி.மீ. தாழ்வாக வைத்து, அதன் உள்விளிம்பைக் கொஞ்சம் சாய்த்து இழைத்துவிடுங்கள். பார்ப்பதற்கும் அது திட்டமிட்ட அழகாகவே தெரியும்.

தேய்ப்பும் பாலிஷும்

0.6 மி.மீ. கனத்தில் மின்சாரச் சாண்டருக்கு இடமே இல்லை. கூரான ஸ்கிராப்பர், அப்புறம் கட்டையில் சுற்றிய 180, 240 எண் உப்புத்தாள், எல்லாம் கையால், நாரின் திசையில். கருமரத்தின் தூள் வெளிர்மரத்தின் துளைகளில் புகுந்து அழுக்காக்கும். ஸ்கிராப்பரில் சுருள் வருமே தவிரத் தூள் அதிகம் வராது, அதனால் அதைத்தான் அதிகம் நம்புங்கள். உப்புத்தாளுக்கு முன் மெழுகு நீக்கிய வெளிர் அரக்குப் பாலிஷ் ஒரு கை பூசிவிட்டால் துளைகள் அடைபடும், தூள் உள்ளே போகாது.

பாலிஷ் எதுவானாலும் முதுகுக்கும் அதே எண்ணிக்கையில் பூசுங்கள். பாலிஷ் ஈரத்தைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். முகம் மூடி முதுகு திறந்திருந்தால் முதுகு மட்டும் வேகமாக ஈரம் குடிக்கும். எண்ணெய் சார்ந்த பாலிஷ் மேப்பிளை மஞ்சளாக்கும், வெண்மை வேண்டுமென்றால் வெளிர் அரக்கோ நீர் சார்ந்த அக்ரிலிக்கோ எடுங்கள். பளபளப்பு வேண்டாம், போட்டிப் பலகைக்கு ஃபிடே கேட்பதும் மங்கலான மேற்பரப்பைத்தான். விளக்கு வெளிச்சம் கட்டத்தில் எதிரொளித்தால் இரண்டு மணி நேரம் குனிந்து ஆடுகிறவரின் கண் வலிக்கும்.

அடியில் நான்கு மூலைகளிலும் சிறிய ஃபெல்ட் அல்லது ரப்பர் பாதங்கள் ஒட்டுங்கள், மேசைக்கும் முதுகுக்கும் நடுவில் காற்றுப் போக வேண்டும்.

வெனீர் இல்லாமல் முழு மரத்தில்தான் வேண்டும் என்றால்

செய்யலாம், வேறு வழியில். பட்டைகளைச் சேர்த்துக் குறுக்கே வெட்டிச் சேர்க்கும் அதே முறைதான், எல்லாக் கட்டத்தின் நாரும் ஒரே திசையில் ஓட வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு கட்டத்தை 90 டிகிரி திருப்பினால் பக்கத்துக் கட்டங்கள் ஒன்றையொன்று கிழிக்கும். சேர்ந்த பலகையை எம்.டி.எஃப். மீதோ பிளைவுட் மீதோ ஒட்டக் கூடாது. சட்டத்தின் உட்பக்கம் காடி எடுத்து, பலகையின் விளிம்பில் அதற்குள் நுழையும் மெல்லிய நாக்கு எடுத்து, பசை இல்லாமல் காடிக்குள் மிதக்க விடுங்கள். நார் முடியும் இரண்டு பக்கங்களின் நடுவில் மட்டும் ஒரு துளிப் பசை, அசைவு இரண்டு பக்கமும் சமமாகப் பிரிவதற்காக. வறண்ட காலத்தில் செய்கிறீர்கள் என்றால் மற்ற இரண்டு பக்கத்திலும் காடிக்குள் பக்கத்துக்கு 3 மி.மீ. இடைவெளி விடுங்கள், ஈரக் காலத்தில் செய்தால் ஒரு மி.மீ. போதும், ஆனால் நாக்கு நீளமாக இருக்கட்டும், பலகை சுருங்கும்போது வெளியே வந்துவிடக் கூடாது.

பிறகு வளைந்தால்

வெனீர்ப் பலகை சில மாதம் கழித்து வளைந்தால், எந்தப் பக்கம் குழிந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் அதிகம் காய்ந்திருக்கிறது அல்லது அதிகம் இழுக்கிறது. பல நேரம் காரணம் சாதாரணமாக இருக்கும்: ஜன்னலோர வெயில் முகத்தில் மட்டும் படுகிறது, அல்லது பாதமில்லாமல் ஈரமான மேசையில் கிடக்கிறது. இருபுறமும் காற்றுப்படும்படி நிழலில் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள், பெரும்பாலும் திரும்பிவிடும். அப்படியும் நிமிரவில்லை என்றால் முதுகைப் பாருங்கள். அங்கே பாலிஷ் இல்லையென்றால் பூசுங்கள். வெனீரே இல்லையென்றால் இப்போதாவது ஒட்டலாம், முகப்பக்கம் கீழே வரும்படி தட்டையான பலகையில் கிளாம்ப் போட்டு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு.